காம்பராவுக்குள் ஒரு சைக்கிள்

மேல்கணக்கு என்கிற தேயிலைத் தோட்டப் பிரிவில் சமதரை என்று சொல்ல இருப்பது பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்க எல்லோரையும் நிற்கவைக்கும் அந்த இடத்தை விட்டால் மற்றதெல்லாம் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். அப்படிப்பட்ட தோட்டத்துக்குக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனத்தார் வந்து, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்வரட்டும் என்று ஆளுக்கொரு சைக்கிள் கொடுத்தார்கள். வான் வண்டியைக் கீழே பாதையில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க மேலே ஏறிவந்து கொடுத்தார்கள். அவ்வளவு மூச்சு வாங்கியும் அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பிள்ளைகளும் குறை சொல்லவில்லை. சும்மா வருவதைக் குறை சொல்லும் பழக்கம் தோட்டத்தில் கிடையாது.

பெரட்டுக்களத்தில் கொஞ்ச நாள் வட்டமடித்தார்கள். அப்புறம் சைக்கிள்கள் வரிசை வீடுகளான லயத்துச் சுவரோரம் சாய்ந்துகொண்டன. ஒன்றில் கோழி அடைந்தது, ஒன்றில் துணி காய்ந்தது. வீரய்யாவின் மகள் ஜீவராணிக்குக் கிடைத்த ஊதா நிறச் சைக்கிள் மட்டும் புதுக் கருக்கு அழியாமல் அவர்கள் அறையான காம்பராவின் கூரை வளையில் தொங்கியது. பசறைப் பக்கம் எங்காவது ஒரு துண்டு நிலம் அமைந்தால் மகள் ஓட்டுவாள் என்று வீரய்யா அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். அவனுக்கு அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு சுகம்.

அந்தச் சைக்கிளைக் கடைசியில் இறக்கியது அவன் மனைவி ஜெயலெட்சுமியின் காலுக்காக.

சித்திரை முடிந்த கையோடு ஒருநாள் மலையில் குளவி கலைந்துவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஜெயலெட்சுமி கூடையைக் கழற்றாமலே மழைத்தண்ணி ஓடும் கானைத் தாண்டினாள். கான் தாண்டுவது அவளுக்குத் தினப்படி வேலைதான், ஆனால் கண்ணைச் சேலையால் மூடிக்கொண்டு தாண்டி அவளுக்குப் பழக்கமில்லை. வலது காலில் முழங்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்துவிட்டது. சாக்கில் போட்டு நாலுபேர் பாதைவரை சுமந்து, அங்கிருந்து கொழுந்து லொறியில் ஏற்றி, பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தகடு வைத்து ஸ்குரூ அடித்து அனுப்பினார்கள். எலும்பு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டிருக்க, முழங்கால் மறுபக்கம் விறகுக்கட்டையாக விறைத்துப்போனது. மடக்கச் சொன்னால் அவள் இடுப்பைத்தான் அசைப்பாள்.

கால் மடங்காவிட்டால் மலையில் நிற்க முடியாது. சரிவில் நிற்கிற பெண் மேற்பக்கத்துக் காலை மடக்கி, கீழ்ப்பக்கத்துக் காலை நீட்டித்தான் நிற்கவேண்டும். மலையில் நிற்காவிட்டால் தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் வெட்டிய வீட்டுக்குக் காம்பரா இல்லை. வீரய்யா எப்போதோ பேர் வெட்டிக்கொண்டு போய், பசறையில் மொஹிதீன் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் நாட்டாமையாக மூட்டை தூக்குகிறவன். ஆகவே அந்த ஒற்றைக் காம்பராவும், முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையும், பின்னால் இருந்த அடுப்படியும் ஜெயலெட்சுமியின் பேரில்தான் நின்றன. அவள் பேர் போனால் வீட்டில் இன்னொருத்தர் பேர் பதிய வேண்டும். இன்னொருத்தர் என்றால் ஜீவராணி. உயர்தரப் பரீட்சைக்கு மழைக்காலத்தில் உட்காரப்போகிற பிள்ளை.

கணக்கப்பிள்ளை நல்லையா ஒரு ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். கெட்ட மனிதர் இல்லை. கெட்ட செய்தியைக் கொண்டுவருகிற உத்தியோகம்.

"வீரய்யா, தொர கேட்டுட்டாரு. எவ்வளவு நாளைக்கு இப்புடிப் பேர மட்டும் செக்ரோல்ல வச்சிருக்கிறதுன்னு."

"டொக்டரு இன்னும் லீவு குடுத்திருக்காருங்க ஐயா."

"டொக்டரு குடுப்பாரு. லயத்துல காம்பரா கேட்டு ஆளுங்க நிக்கிறாங்களே. நான் தீவாளி வரைக்கும் தவண கேட்டு வச்சிருக்கேன். தீவாளி கழிஞ்ச திங்கக்கெழம அவ பெரட்டுக்கு வந்து நிக்கணும். இல்லாட்டி..."

"நான் வாறேனுங்க. என்னையச் சேத்துக்கங்க."

"நீ கணக்கு முடிச்சிட்டுப் போனவன்ப்பா. போனவன எந்தத் தொர சேப்பாரு? அதுவும் அன்னைக்கு நீ அவருகிட்ட பேசிட்டுப் போன பேச்சுக்கு?" நல்லையா உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "புள்ள இருக்குல்ல. பதியச் சொல்லிப்புட்டு, பொறவு மெதுவா..."

"அந்தப் பேச்சு இங்க வேணாங்க ஐயா."

சொன்னது ஜெயலெட்சுமி. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். புருஷனிடமே சத்தமாகப் பேசாதவள். நல்லையா எழுந்து துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒருத்தி இருந்தாள். சிங்களப் பெண், தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசுவாள். அடுத்த கிளினிக்குக்குப் போனபோது அவள் ஜெயலெட்சுமியை ஒரு சைக்கிள் மிஷினில் ஏற்றிக் காட்டினாள். வாரத்தில் மூன்று நாள் வந்தால் நல்லது என்றாள். மடுல்சீமைப் பாதை பஸ்ஸில் இந்தக் காலோடு வாரத்துக்கு மூன்று நாள் வருவதென்றால் வருகிற வழியிலேயே இன்னொரு கால் முறியும் என்பதை வீரய்யா எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சிரித்தான். மிஸ் புரிந்துகொண்டாள்.

"வீட்ல சைக்கிள் இருக்கா?"

"இருக்குங்க மிஸ். ஆனா ஓட்ட எடமில்ல."

"ஓட்ட வேணாம். பின்னால சில்லு தூக்கி வை. சில்லு சும்மா சுத்தணும். சீட் முதல்ல உயரம். கால் மடங்க மடங்க, கொஞ்சம் கொஞ்சமா எறக்கு. பாரம் வேணாம். எலும்பு இன்னும் சரியா ஒட்ட இல்ல. காலையில கொஞ்சம், பின்நேரம் கொஞ்சம்." ஜெயலெட்சுமியின் முழங்காலைத் தட்டிச் சொன்னாள்: "அம்மா, வலிச்சா நிப்பாட்டணும். சரியா?"

"சரிங்க மிஸ்" என்றாள் ஜெயலெட்சுமி.

அடுத்த நாள் கடையில் வீரய்யா ஆணிப் பெட்டிகளுக்கு முன்னால் அதிக நேரம் நின்றதைப் பார்த்து மொஹிதீன் முதலாளி கூப்பிட்டார்.

"என்ன வீரய்யா, சீமெந்து லொறி வந்து நிக்கிது. நீங்க ஆணிக்கு ஓதிட்டு நிக்கிறீங்க?"

வீரய்யா விஷயத்தைச் சொன்னான். முதலாளி கணக்கு மேசையை விட்டு எழுந்தே வந்துவிட்டார். இதுபோன்ற வேலைகளில் அவருக்கு வியாபாரத்தைவிட ஆசை அதிகம்.

"பின் சில்லுட அச்சுல ரெண்டு பக்கமும் நட் ஈக்கில்ல? அந்த நட் ரெண்டையும் ரெண்டு கட்டைக்கு மேல குந்த வைக்கணும். கட்டைல காடி வெட்டுங்க. ஆனா முன்னுக்கும் ஒசத்தணும். இல்லாட்டி ஏறி உக்காந்தா ஆள் முன்னுக்குச் சரியும். ஹேண்டில் ஆடாம ஜன்னல் கம்பியில கட்டுங்க. கட்டை என்னா மரம்?"

"சவுக்கு கெடைக்கும் மொதலாளி."

"நல்லம். ஆணி அடிக்க வேணாம், போல்ட் தாறன். பொம்புள ஏறி மிதிக்கிற சாமான், ஆணி கழண்டா பாவம் வந்து எனக்கு."

போல்ட்டும் வாஷரும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்.

ஞாயிறு முழுக்க வேலை நடந்தது. காற்றில் விழுந்த சவுக்குக் கிளையை அறுத்து, நாலு கால்களைக் கவடு கவடாகச் சாய்த்து, அடியில் பலகை கொடுத்துப் போல்ட் முடுக்கினான் வீரய்யா. அச்சு உட்காரக் காடி வெட்டினான். முதலில் வெட்டிய காடி ஒரு விரல் தாழ்ந்து சைக்கிள் நொண்டியது, சீவிச் சரிபண்ணினான். பின்சில்லு தரையில் படாமல் நாலு விரல் தூக்கி நின்றது. முன்சில்லுக்கு இரண்டு செங்கல். செருப்பு வழுக்காமல் இருக்க மிதிகட்டையில் டியூப் ரப்பரைச் சுற்றினான்.

எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை வந்தது. இஸ்தோப்பில் வைத்தால் லயமே வந்து வேடிக்கை பார்க்கும் என்றாள் ஜெயலெட்சுமி. உள்ளே வைக்கவோ, கட்டிலும் அலமாரியும் ஜீவராணியின் படிக்கிற மேசையும் போக நடக்கத்தான் இடம்.

"மேசைய இஸ்தோப்புல போட்டுருவோம்ப்பா" என்றாள் ஜீவராணி.

"மழ வந்தா?"

"மழ வந்தா கட்டில்ல ஒக்காந்து படிச்சிக்குவேன். அம்மா காலு நல்லானா எல்லாம் சரியாகிரும்ல?"

மேசை வெளியே போனது, சைக்கிள் உள்ளே வந்தது.

ஜெயலெட்சுமி அதுவரை சைக்கிளைத் தொட்டதுகூட இல்லை. சேலையோடு ஏற முடியாதென்று மகளின் விளையாட்டுப்போட்டிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். வீரய்யா சிரித்துவிட்டான். ஜீவராணி வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்துக் காம்பராப் பூங்காவனம் கதவில் நின்று, "அடி ஆத்தி, ஒலிம்பிக்குக்கா போற?" என்று கேட்க, ஜெயலெட்சுமிக்கே சிரிப்பு வந்து, ஏறாமலே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்துப் பல மாதம் ஆகியிருந்தது.

பிறகு வாங்குப் பலகையில் ஏறி, வாங்கிலிருந்து சீட்டில் உட்கார்ந்தாள். மிதிகட்டை சுற்றவில்லை. இடது கால் தள்ளும். வலது முழங்கால் மேலே வரும் இடத்தில் கதவைச் சாத்தியது போல நின்றுவிடும். முன்னால் பாதி, பின்னால் பாதி. மீண்டும் முன்னால் பாதி. தொட்டில் ஆட்டுவது போல அதைத்தான் வாரக்கணக்காகச் செய்தாள். வீரய்யா வேலைவிட்டு வந்ததும் வாங்கில் உட்கார்ந்து அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். கச்சான் காற்று கூரைத் தகரத்தைத் தூக்கித் தூக்கி அடிக்கும். ஜீவராணி இஸ்தோப்பில் புத்தகத்துக்கு மேலே கல் வைத்துப் படிப்பாள்.

ஒருநாள் பின்னேரம் அது சுற்றியது. முன்னோக்கி அல்ல, பின்னோக்கி. முழங்கால் மேலே வந்தது, நின்றது, அவள் பல்லைக் கடித்தாள், கடந்து போய்விட்டது.

"ராணி அப்பா! சுத்திருச்சுங்க! பாருங்க, சுத்திருச்சு!"

பூங்காவனம் ஓடிவந்தாள். மேல் லயத்திலிருந்தும் இரண்டு பேர் வந்தார்கள். அன்றைக்கு எல்லோருக்கும் சீனி போட்ட தேத்தண்ணி. ஒரு வாரத்தில் முன்னோக்கியும் சுற்றினாள். கம்பை ஊன்றிக்கொண்டு தண்ணி பிடிக்கிற பீலிக்கரைவரை நடந்தாள். சீட்டை ஒரு விரல் இறக்கினான் வீரய்யா. அன்றைக்கே விட்டிருக்கலாம் என்று பின்னால் அவன் எத்தனையோ தரம் நினைத்தான்.

பழுதானது எப்படியென்றால், அந்த வேலையை அவர்கள் தோட்டத்து வேலையாக்கிவிட்டார்கள்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவு கிலோ கொழுந்து என்று உண்டு. பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், நாளெல்லாம் நின்றவளும் பாதி நாள்தான் வேலை செய்தாள் என்று எழுதிவிடுவார்கள். ஜெயலெட்சுமி இருபது வருஷத்துக்கு மேல் அந்தக் கணக்கில் வாழ்ந்தவள். 'காலையில் கொஞ்சம், பின்நேரம் கொஞ்சம்' என்று மிஸ் சொன்ன 'கொஞ்சம்' அவளுக்கு அரைப்பேர் வேலையாகப் பட்டது. தீவாளி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆகவே காலையில் ஆலைச் சங்கு ஊதி, பெரட்டுக் கலைந்து, பெண்கள் மலைக்கு ஏறுகிறபோது அவளும் சைக்கிளில் ஏறினாள். பகல் கொழுந்து நிறுக்க அவர்கள் இறங்குகிறபோது இறங்கி ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்றாள். திரும்ப ஏறி, அந்தி நிறுவைவரை மிதித்தாள். மலையில் நின்றால் என்ன நேரமோ அதே நேரம். வீரய்யா முதல் பஸ்ஸில் பசறைக்கும் ஜீவராணி பள்ளிக்கூடத்துக்கும் போய்விடுவதால் இருவருக்கும் தெரியாது. பூங்காவனம் காய்ச்சலில் ஒருநாள் வேலைக்குப் போகாமல் கிடந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சில்லுச் சத்தம் ஓயாமல் கேட்டு, அவள்தான் வீரய்யாவிடம் சொன்னாள்.

"என்னா அண்ணே, ஒங்க பொண்டாட்டி கதிர்காமத்துக்கே போயிட்டு வந்திருவா போலருக்கு. காலையில ஏறுனவ எறங்கவே இல்ல."

வீரய்யா அப்போது அதட்டியிருக்க வேண்டும். அவனுக்கோ சந்தோஷம் வந்தது. என் பெண்டாட்டியைப்போல வேலைக்காரி இந்த மேல்கணக்கிலேயே கிடையாது என்று ஒரு பெருமை. நாளெல்லாம் மூட்டை சுமந்து பிழைக்கிற அவனுக்கும், பாரமில்லாமல் சும்மா சுற்றுகிற சில்லு ஒரு விளையாட்டாகத்தான் தெரிந்தது.

"சும்மா சுத்தி என்னா செய்ய? மலையில ஏறுறப்ப முதுகுல கூடையும் கொழுந்துப் பாரமும் இருக்குமே. காலுக்கு அது பழக வேணாமா?"

"நானும் அதத்தாங்க நெனச்சேன்" என்றாள் ஜெயலெட்சுமி. "மிதிக்கிறது தண்ணி மாதிரிப் போகுது. தீவாளிக்கப்புறம் போயி நின்னுட்டு, காலு ஒதறுனா கணக்கப்பிள்ள என்னா சொல்லுவாரு?"

"அந்த மிஸ் பாரம் வேணாம்னு சொன்னாங்கல்ல?" என்று ஜீவராணி இஸ்தோப்பிலிருந்து கேட்டாள்.

"அவுங்க டவுன்காரங்களுக்குச் சொல்றதும்மா. நம்ம ஒடம்பு வேற."

வீரய்யா ஒரு பழைய சாக்குத் துண்டைப் பின்சில்லின் மேல் போட்டு, அதன் இரண்டு நுனியிலும் கல்லைக் கட்டித் தொங்கவிட்டான். சில்லு இறுகியது. ஜெயலெட்சுமி ஏறி, முதல் சுற்றைச் சுற்ற முடியாமல் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள். பிறகு சுற்றினாள். அடுத்த வாரம் அவளே இன்னும் கொஞ்சம் பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டச் சொன்னாள்.

கால் வீங்கியது. எண்ணெய் தடவி, துணியைச் சுற்றிக்கொண்டாள்.

"வலிக்குதா?"

"வலிக்காம இருக்குமா? வேலன்னா வலிக்கத்தான் செய்யும்."

வலித்தால் நிறுத்து என்று அந்த மிஸ் சொன்னது நல்ல வார்த்தை. சரி என்று இவளும் மனதாரத்தான் சொன்னாள். ஆனால் வலிக்கு நிறுத்துவதென்றால் அவள் பேர் பதிந்த முதல் நாளே கூடையை இறக்கியிருக்க வேண்டும். நெற்றிக்கயிறு இழுத்துப் பிடரி வலிக்கும், அட்டை கடித்த இடம் வலிக்கும், தீட்டு நாட்களில் இடுப்பு வலிக்கும். எதற்கும் மலையில் நிறுத்தம் கிடையாது. வலியைக் கண்டுகொள்ளாமல் இருப்பதைத்தான் அவளுக்கு வேலை என்று பழக்கியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் கெட்டிக்காரி.

தீவாளிக்கு முந்திய வாரம் மழை பிடித்துக்கொண்டது. மலையே தெரியாத மழை. பெண்களைப் பகலிலேயே கலைத்துவிட்டார்கள். பூங்காவனம் இடுப்பில் கட்டியிருந்த நனைந்த படங்குச் சாக்கை அவிழ்த்துப் பிழிந்துகொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் சில்லு நின்றது. நின்றதில் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் இறங்குகிற சத்தம் கேட்கவில்லை. அவள் போய்ப் பார்த்தபோது ஜெயலெட்சுமி சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் வேர்வை மழைத்தண்ணியாக ஓடியது.

"உள்ளுக்கு என்னமோ ஒடைஞ்சிருச்சு பூங்காவனம்" என்றாள். "ராணி அப்பாகிட்ட இப்ப சொல்லாத. வேலையில இருப்பாரு."

பதுளையில் படம் பிடித்துப் பார்த்தார்கள். டொக்டர் தமிழ்ப் பிள்ளை, இளம் வயது. படத்தை வெளிச்சத்தில் பிடித்து வீரய்யாவுக்குக் காட்டினார். தகடு நடுவில் இரண்டாகப் போயிருந்தது. ஒட்டவந்த எலும்பும் விலகியிருந்தது.

"இது ஒரு நாள்ல உடையிறது இல்ல. தெனமும் கொஞ்சம் கொஞ்சமா நெளிஞ்சு நெளிஞ்சு உடைஞ்சிருக்கு. என்னம்மா செஞ்சீங்க?"

"சைக்கிள் மிதிச்சேனுங்க."

"எவ்வளவு நேரம்?"

"பெரட்டுக் கலைஞ்சதுலருந்து அந்தி நிறுவ வரைக்குங்க. பகலைக்கு எறங்கிச் சாப்பிடுவேன்."

டொக்டருக்கு விளங்கவில்லை. வீரய்யா நேரத்தை விளங்கச் சொன்னான். கல் கட்டியதையும் சொன்னான். அதை அவன் சொல்லாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது, ஆனாலும் சொன்னான்.

"யாரும்மா உங்கள இவ்வளவு நேரம் மிதிக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. வேல நேரம் அவ்வளவுதானுங்களே."

டொக்டர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் வீரய்யாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுபடி திறக்க வேண்டும், இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும், கால் கொஞ்சம் குட்டையாகும், முழங்கால் இனி மடங்குமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். வீட்டுக்குள் நடமாடலாம். மலையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஜெயலெட்சுமியை வார்டில் விட்டுவிட்டு வீரய்யா கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் திரும்பினான். வீட்டுக்கு வந்ததும் ஈரச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போல்ட்டுகளைக் கழற்றினான். ஒரு போல்ட் துருவேறி வரவில்லை, கல்லால் அடித்தான். ஜீவராணி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கப்பா. சைக்கிள் என்னா செஞ்சிச்சு?"

"நான்தாம்மா செஞ்சேன். கல்லக் கட்டுனது நான்தானே."

"ரெண்டு பேரும் எனக்காகத்தான் செஞ்சீங்க."

அந்தச் சொல் வீரய்யாவை உட்காரவைத்துவிட்டது. சைக்கிளை அடுப்படிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டான். மேசையை உள்ளே தூக்கிப் போட்டார்கள். மேசைப்பலகை மழையில் ஊறி உப்பியிருந்தது.

தீவாளி வந்தது, போனது. ஜெயலெட்சுமியைத் திரும்ப அறுத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பூங்காவனம் கொடுத்த பலகாரம் தட்டிலேயே காய்ந்தது. நல்லையா வந்து திண்டாடிக்கொண்டு நின்றார். தொரையிடம் தானே போய்க் கேட்டதாகவும், பரீட்சை முடிகிறவரை பொறுக்கக் கேட்டதாகவும், தொரை சிரித்துக்கொண்டு, 'எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பரீட்சை இருக்கிறது' என்றதாகவும் சொன்னார்.

வீரய்யா மறுநாள் பசறைக்குப் போய், மொஹிதீன் முதலாளியிடம் கடைக்குப் பின்னாலுள்ள சாமான் அறையில் குடியிருக்கலாமா என்று கேட்டான். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டார்.

"வீரய்யா, மறுப்புச் சொல்ல எனக்கும் சங்கட்டமா ஈக்கி. அது சீமெந்து அடுக்குற ரூம். ஜன்னல் இல்ல. பச்சப்புண்ணோட ஈக்கிற பொம்புளைய அந்தத் தூசிக்குள்ள வச்சா, அந்தப் பாவத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவன்? வேற எடம் பாப்பம். ரெண்டு மூணு மாசம் பொறுங்க."

ரெண்டு மூணு மாசம் அவர்களிடம் இல்லை. அன்று பின்னேரம் அவன் வீட்டுப் படியேறும்போதே ஜெயலெட்சுமி அழுகிற சத்தம் கேட்டது. கால் முறிந்தபோதும் அழாதவள், தகடு உடைந்தபோதும் அழாதவள், தலையிலடித்துக்கொண்டு அழுதாள். ஜீவராணி பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு கட்டில் ஓரத்தில் நின்றாள்.

"பேர் பதிஞ்சிட்டு வந்திருக்காங்க ஒங்க மக! எங்கள ஒரு சொல்லுக் கேக்காம! கணக்கப்பிள்ளகிட்டப் போயி இவளாப் பதிஞ்சிட்டு வந்திருக்கா! என் கால ஒடைச்சது இதுக்காடி? சொல்லுடி, இதுக்கா?"

"பரீட்ச அடுத்த வருசமும் வரும்மா. காம்பரா போனா வருமா?"

"அடுத்த வருசம்! மலைக்குப் போன எவளுக்குடி அடுத்த வருசம் வந்திருக்கு?"

ஜீவராணி ஆணியில் தொங்கிய தாயின் படங்கை எடுத்து மடித்தாள்.

திங்கட்கிழமை வீரய்யா வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு முன்னாலும் போகவில்லை, கூடவும் போகவில்லை. பெரட்டுக் கலைந்து எல்லோரும் ஏறின பிறகு, மேற்கானை ஒட்டிய பாதையில் போய், சவுக்கு மரத்தடியில் நின்று பார்த்தான். மழை விட்டிருந்தது. நமுனுகுல முகடு மேகத்துக்கு மேலே துலக்கமாகத் தெரிந்தது. கீழே நெரை நெரையாகப் பெண்கள். மகளை அடையாளம் காண அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தாயின் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டோடு, பின்னால் கூடையோடு நின்றாள். விரல் ஓடவில்லை. ஒரு செடியில் அவள் நிற்கும்போது மற்றவர்கள் மூன்று செடி தாண்டிப்போனார்கள். இந்த வேகத்தில் அவளுக்கு அரைப்பேர்தான் கிடைக்கும். அரைப்பேரோடு வந்து அழுவாள், அழுதால் நிறுத்திவிடலாம், எங்காவது ஓலைக்குடிசை போட்டுக்கொண்டாவது நிறுத்திவிடலாம். அவன் மனம் அதை ஒரு நம்பிக்கையாகவே பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் பூங்காவனம் தன் நெரையை விட்டு இறங்கி, ஜீவராணியைக் கடக்கும்போது, கைநிறையக் கொழுந்தை அள்ளி அவள் கூடையில் போட்டுவிட்டுப் போனாள். அடுத்து வந்தவள் ஒரு பிடி போட்டாள். அதற்கடுத்தவள் ஒரு பிடி. புதிதாகப் பேர் பதிந்த பிள்ளைக்கு முதல் நாள் எல்லோரும் ஒரு பிடி போடுவது மேல்கணக்கில் வழக்கம். முதல் நாளே அரைப்பேர் விழுந்து பிள்ளை மனம் விட்டுவிடக்கூடாது. தங்கள் கிலோவில் குறைத்துக்கொண்டு போடுகிற பிடி. ஒருத்தி என்னவோ சொன்னாள். ஜீவராணி நிமிர்ந்து சிரித்தாள். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றியது வீரய்யாவுக்கு, போடாதீர்கள் என்று கத்தவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் இறங்கி வந்துவிட்டான்.

அந்தி நிறுவை முடிந்து ஜீவராணி வந்தாள். முழங்கால்வரை சேறு. வாசலிலேயே கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அம்மா, முழுப்பேரு!" என்றாள். குரலில் உண்மையாகவே சந்தோஷம் இருந்தது.

ஜெயலெட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பேர் பதிந்த நாளிலிருந்து மகளோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுவரைப் பார்த்தபடியே, "எந்த மல?" என்று கேட்டாள்.

"பன்னெண்டாம் நம்பரு."

"மேநெரையா, கீநெரையா?"

"மேநெர."

"மேநெரையில அட்ட கொல்லும். நாளைக்கு உப்புத் துணி கட்டிக்கிட்டுப் போ. அந்த மலையில நடுக்கானு ஒன்னு இருக்குமே, கரை உள்ளுக்கு அரிச்சுப் போயிருக்கும்..."

"ஆமாம்மா, ஒரு பொம்பள சறுக்கப் பாத்தாங்க."

"அத ஒட்டி நிக்காத. மேப்பக்கம் காலப் போட்டுக்க. இங்கிட்டு வா, படங்க எப்புடிக் கட்டியிருக்கேன்னு பாப்போம். அடியே, இப்புடிக் கட்டுனா இடுப்ப அறுத்துரும்."

மகள் கட்டிலில் உட்கார்ந்தாள். தாய் படுத்தபடியே முடிச்சை அவிழ்த்தாள். இவ்வளவு காலமும் பள்ளிக்கூடம் விட்டு வருகிற மகளிடம், "இன்னைக்கு என்னா படிச்ச?" என்று கேட்பதோடு ஜெயலெட்சுமியின் பேச்சு முடிந்துவிடும். மகள் சொல்கிற பதில் அவளுக்கு விளங்காது. விளங்காத அந்தப் பதிலைக் கேட்டுத்தான் அவள் முகம் மலரும். இன்றைக்கு இருவருக்கும் பேச நிறைய இருந்தது. ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை.

வீரய்யாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு பீலிக்கரைக்குப் போனான். தண்ணீர் நிறைந்து வழிந்த பிறகும் அவன் வாளியைத் தூக்கவில்லை.